கசப்பு கழிந்த பிறகு: பழைய பூஅர் டீயில் அப்படி என்ன இருக்கிறது?

நமக்குத் தெரிந்த டீ உலகத்தில் புதுசுக்குத்தான் மரியாதை. பாக்கெட்டைப் பிரித்து ஆறு மாதம் அலமாரியில் கிடந்துவிட்டால், மணம் போய்விட்டது என்று அந்தத் தூளைத் தூக்கிப் போடுகிறோம். சீனாவிலும் பெரும்பாலான தேயிலைக்கு இதுதான் கதி. ஹாங்ஜோ பக்கத்து லோங்ஜிங் பச்சைத் தேயிலையை, ஏப்ரல் தொடக்கத்தில் வரும் சிங்மிங் நாளுக்கு முன்னால் பறித்திருந்தால் தனி விலை. அதே தேயிலை ஒரு வருடம் கடையில் தங்கிவிட்டால் வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான்.

அதே நாட்டின் தென்மேற்கு மூலையில், யுன்னான் மாகாணத்தில் செய்கிற பூஅர் தேயிலைக்கு மட்டும் கணக்கு தலைகீழ். இருபது முப்பது வருடம் ஏதோ ஒரு கிட்டங்கியில் கிடந்த வட்டுக்கு (அழுத்தி வில்லையாக்கிய தேயிலை), போன வருடம் செய்த வட்டைவிடப் பல மடங்கு கேட்கிறார்கள், கொடுக்கவும் செய்கிறார்கள். குவாங்ஷியின் லியூபாவ், ஹூனானின் செங்கல் தேயிலை, ஃபூஜியானின் வெள்ளைத் தேயிலை, சில ஊலோங் வகைகள் என்று பழக்கி வைத்துக் குடிக்கிற தேயிலைகள் வேறும் உண்டு. ஆனால் இந்த ருசி ஒரு தனி உலகமாக வளர்ந்தது பூஅரைச் சுற்றித்தான்.

ஆசையாக விலை கொடுத்து வாங்கி முதல் தடவை குடிப்பவர்களில் பாதிப் பேர் ஏமாந்து போகிறார்கள். நல்ல பழைய பூஅரில் மூக்கில் ஏறும் மணம் கிடையாது. கசப்பு இல்லை, துவர்ப்பும் பேருக்குத்தான். நிறம் கஷாயம் மாதிரி கறுஞ்சிவப்பு, ஆனால் கோப்பையின் அடி தெரியும் அளவுக்குத் தெளிவு. வாயில் கொஞ்சம் கனமாக, வழவழவென்று இறங்கிவிடுகிறது. இவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றும்.

இவ்வளவுதான். இளம் பூஅர் முரட்டுத்தனமாகக் கசக்கிற தேயிலை. அந்தக் கசப்பை வருடக்கணக்கில் கழித்த பிறகு மிஞ்சுவதைத்தான் குடிக்கிறோம். மிஞ்சியது அருமையாகவும் இருக்கலாம், சப்பென்றும் இருக்கலாம். அதைத் தீர்மானிப்பது வயது என்று விற்பவர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எந்த இலை, எந்த ஊரில், எப்படிக் கிடந்தது என்பதுதான் பெரிய விஷயம், வயது அதற்கப்புறம்.

இலையிலிருந்து ஆரம்பிக்கலாம். யுன்னானின் தெற்கே சிஷுவாங்பன்னா, பூஅர், லின்ட்சாங் வட்டாரங்களில் வளர்வது அகன்ற இலைத் தேயிலை. தாவரவியல்படி இது அஸ்ஸாம் வகை. நம் டீக்கடைத் தூளில் பெரும்பங்குக்கு இது சொந்தக்காரன். அங்கே சில மலைகளில் நூறு வயது தாண்டிய தேயிலை மரங்கள் உண்டு. ஏறித்தான் பறிக்க வேண்டும். பிளாங், தாய் இன மக்கள் காட்டு மரங்களுக்கு நடுவே பராமரித்து வந்த ஜிங்மாய் மலையின் பழைய தேயிலைக் காடுகளை 2023இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

பறித்த இலையை வாட விட்டு, பெரிய இரும்பு வாணலியில் புரட்டி, உருட்டிக் கசக்கி, காய வைக்கிறார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் பச்சைத் தேயிலை செய்கிற மாதிரியே இருக்கும். வித்தியாசம் சூட்டில். வாணலிச் சூடு மிதமாக இருப்பதால் இலையிலுள்ள நொதிகள் முழுக்கச் சாவதில்லை. அப்புறம், காய்வது வெயிலில். அனல் அடுப்பில் காய்ந்த தேயிலையின் கதை அன்றோடு முடிந்துவிடும். வெயிலில் காய்ந்ததில் கொஞ்சம் ஈரம், கொஞ்சம் நொதி, காற்றிலிருந்து வந்து ஒட்டிய நுண்ணுயிர்கள் எல்லாம் மிச்சம் இருக்கும். பழகுவதற்கு முதலே அதுதான். யுன்னானின் பெரிய இலையாக இருக்க வேண்டும், வெயிலில் காய்ந்ததாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது பூஅர் இல்லை என்று சீனாவின் 2008ஆம் ஆண்டுத் தேசியத் தரவிதியே சொல்கிறது.

காய்ந்த இலையை ஆவியில் இளக வைத்து, துணிப்பையில் போட்டு முறுக்கி, கல் அச்சின் கீழே அழுத்தினால் வட்டு தயார். ஒரு வட்டு 357 கிராம். ஏன் இந்த ஒற்றைப்படைக் கணக்கு என்றால், ஏழு வட்டைச் சேர்த்து மூங்கில் மடலில் கட்டினால் இரண்டரை கிலோ. ஏழு வட்டு ஒரு கட்டு என்பது 1735இல் சீனாவை ஆண்ட சிங் அரசு வரிக்காக வைத்த விதியின் தொடர்ச்சி. மலைப்பாதையில் கோவேறு கழுதை முதுகில் மாதக்கணக்கில் போகிற சரக்குக்கு இப்படி அழுத்திக் கட்டுவது வசதியாகவும் இருந்தது.

இதைப் பழக்கி வைத்துக் குடிக்க வேண்டும் என்று யுன்னானில் யாரும் திட்டம் போடவில்லை. அங்குள்ளவர்கள் பெரும்பாலும் புதுசாகவே குடித்தார்கள். பழைய பூஅரின் ருசியைக் கண்டுபிடித்தது, அதுவும் ஒரு வியாபாரச் சங்கடத்தில் கண்டுபிடித்தது, ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த ஹாங்காங்.

ஹாங்காங்கில் காலை நேரத்துத் தேநீர் விடுதி என்பது வேரூன்றிப்போன வழக்கம். மூங்கில் தட்டுகளில் ஆவியில் வேகவைத்த பலகாரம் வந்துகொண்டே இருக்கும், குடுவையில் டீ ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். டீக்குத் தனியாகப் பெரிய காசு கிடையாது. ஆகவே விடுதிக்காரருக்குத் தேவை மலிவான, பல தடவை தண்ணீர் ஊற்றினாலும் நிறம் விடுகிற, பன்றிக் கொழுப்புப் பலகாரத்துக்குத் தாங்குகிற ஒரு தேயிலை. யுன்னான் வட்டு மலிவு, தாங்கும். ஆனால் குடிக்க முடியாத கசப்பு. அதை எப்படிக் குறைப்பது?

வணிகர்கள் செய்தது இது. தரைமட்டத்துக்குக் கீழே, ஈரம் ஊறும் கிட்டங்கியில் வட்டுகளை அடுக்கிக் கதவை அடைத்தார்கள். ஹாங்காங்கின் கோடைச் சூடும் கடலோர ஈரப்பதமும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. சில மாதங்களுக்கு ஒருமுறை திறந்து, மேலே இருந்ததைக் கீழேயும் சுவரோரம் இருந்ததை நடுவிலும் மாற்றினார்கள். உறைத்தாளில் ஈரக்கறை படியும். வட்டின் மேல் வெள்ளையாகப் பொடி பூக்கும். எங்கே நிறுத்துவது என்பதுதான் வித்தை: ஒரு பருவம் கூடுதலாக விட்டால் உள்ளே கரியாகிவிடும், சீக்கிரம் எடுத்தால் கசப்பு நிற்கும். கிட்டங்கிப் பொறுப்பாளரின் மூக்குதான் இதற்கு அளவுகோல். கீழே இருந்து எடுத்த பிறகு, மாடியில் காற்றோட்டமுள்ள இன்னொரு கிட்டங்கிக்குக் கொண்டுபோய், ஈரவாடை கழியும்வரை வருடக்கணக்கில் விட்டு வைத்தார்கள். அப்புறம் உடைத்து, பல வயதுச் சரக்கைக் கலந்து, விடுதிகளுக்கு அனுப்பினார்கள்.

'போ-லேய்' என்று கான்டனீஸ் மொழியில் கேட்டால் அந்தக் காலத்து ஹாங்காங்கில் கிடைத்தது இந்தப் பரம்பரை டீதான். கறுப்பு நிறம், மழை பெய்த கட்டடத்தின் வாசம், தொண்டையைத் துடைத்துவிட்டாற்போல ஒரு முடிவு. சிலர் காய்ந்த சாமந்திப்பூ போட்டுக் குடிப்பார்கள். இதை விசேஷமான பொருள் என்று அங்கே யாரும் நினைக்கவில்லை.

நினைத்தவர்கள் தைவான்காரர்கள். 1980களின் கடைசியில் தொடங்கி, 1997இல் பிரிட்டன் ஹாங்காங்கைச் சீனாவிடம் ஒப்படைக்கும் வரைக்கும் ஹாங்காங்கில் பழைய விடுதிகள் பல மூடப்பட்டன, குடும்பங்கள் வெளிநாட்டுக்குக் கிளம்பின, கிட்டங்கிகள் காலியாயின. அடியிலிருந்து விற்காத சரக்கு வெளியே வந்தது. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் யுன்னானின் ஈவூ ஊரின் தனியார் கடைகள் செய்த வட்டுகளும், 1950களின் 'சிவப்பு முத்திரை' வட்டுகளும் அதில் இருந்தன. தைவான் சேகரிப்பாளர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். 'பழகப் பழக மணக்கும்' என்ற வாசகம் பரவியது அவர்கள் வழியாகத்தான். யுன்னானுக்கே அந்தப் பெருமை பின்னால்தான் போய்ச் சேர்ந்தது.

இதற்கு நடுவே ஒரு குறுக்குவழியும் வந்தது. ஹாங்காங்கின் கறுப்பு டீக்கு இருந்த கிராக்கியைப் பார்த்து, 1973இல் யுன்னான் தலைநகர் குன்மிங்கின் தேயிலை ஆலை ஒரு முறையை உருவாக்கியது. டன் கணக்கில் தேயிலையைக் குவித்து, தண்ணீர் தெளித்து, துணியால் மூடிவிட்டால் குவியல் தானாகவே சூடேறும். அவ்வப்போது கிளறிவிட வேண்டும். ஆறேழு வாரத்தில் பல வருட மாற்றம் நடந்துவிடும். இதுதான் 'ஷோ', அதாவது பழுக்க வைத்த பூஅர். பழையபடி தானாகப் பழகுவது 'ஷெங்', பச்சை பூஅர். பழம் என்றால் மரத்தில் பழுத்ததற்கும் புகை போட்டதற்கும் உள்ள வித்தியாசம் எல்லாருக்கும் தெரியும். அதற்காக ஷோ மோசமான டீ என்று சொல்வது நியாயமில்லை. புதுசில் மீன்வாடை மாதிரி ஒன்று அடிக்கும்; ஐந்தாறு வருடம் விட்டால் அது போய், மென்மையாக, இனிப்பாக வந்துவிடும். தினசரிக் குடிக்கு என் ஓட்டு அதற்குத்தான். ஆனால் ஷெங் முப்பது வருடத்தில் போய்ச் சேர்கிற இடத்துக்கு ஷோ போவதில்லை.

அந்த முப்பது வருடத்தில் இலைக்குள் நடப்பது என்ன? இளம் இலையின் கசப்புக்கும் துவர்ப்புக்கும் முக்கியக் காரணம் கேட்டகின் என்ற பாலிஃபீனால்கள். ஆக்சிஜனாலும் நொதிகளாலும் நுண்ணுயிர்களாலும் இவை மெல்லச் சிதைந்து, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, பெரிய மூலக்கூறுகளாகின்றன. முதலில் மஞ்சள், பிறகு சிவப்பு, கடைசியில் தியாபிரவுனின் எனப்படும் பழுப்பு நிறமிகள். கோப்பையின் நிறம் வருடத்துக்கு வருடம் தேன் நிறத்திலிருந்து கறுஞ்சிவப்புக்குப் போவது இதனால்தான். சின்ன மூலக்கூறுகள் நாக்கைப் பிடித்து இழுத்தன. பெரியவை அப்படி இழுப்பதில்லை. வாயில் கெட்டித்தன்மையாக, வழுவழுப்பாகத் தெரிகின்றன. கூடவே பாலிஃபீனால்களிலிருந்து மீத்தாக்சி பென்சீன் வகைச் சேர்மங்கள் உருவாகின்றன. பழைய பூஅரின் மர அலமாரி வாசத்துக்கும் சூடம் கலந்தாற்போன்ற குளிர்ந்த வாசத்துக்கும் இவற்றுக்குப் பெரும்பங்கு உண்டு. ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: கஃபைன் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கிறது. ருசி சாதுவாகிவிட்டதே என்று இரவு பத்து மணிக்குக் குடித்தால் விடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டும்.

இந்த வேலை நடக்கும் வேகத்தை ஊர்தான் முடிவு செய்கிறது. குன்மிங் ஏறக்குறைய 1900 மீட்டர் உயரத்தில் இருக்கிற வறண்ட, இதமான ஊர். அங்கே இருபது வருடம் கிடந்த வட்டு இன்னும் இளைஞன்தான். மணம் இருக்கும், கசப்பின் முதுகெலும்பும் இருக்கும். குவாங்ஜோவில் வசந்தத்தில் சுவரே வியர்க்கும் ஈரக்காலம் ஒன்று வரும். அங்கே பத்து வருடத்திலேயே நிறம் சிவந்துவிடும். ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டி நின்றால் பூசணம் பிடிக்கும், ரொம்பக் குறைந்தால் தேயிலை தூங்கிவிடும். ஆகவே 'இருபது வருடத்து பூஅர்' என்று மட்டும் சொன்னால் ஒன்றுமே சொன்னதாகாது. உலர் கிட்டங்கியா ஈரக் கிட்டங்கியா எது உயர்வு என்று ரசிகர்களுக்குள் ஓயாத சண்டை வேறு. உலர்ந்ததைக் கும்பிடுகிறவர்கள் ஹாங்காங் முறையைப் பூசணம் என்று ஒதுக்குவார்கள். என் நாக்குக்கு நன்றாகச் செய்த ஹாங்காங் சரக்கின் அடக்கம் பிடித்திருக்கிறது. மோசமாகச் செய்ததைக் குடிப்பது நிலவறையை நக்குவதற்குச் சமம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இனி கோப்பைக்கு வரலாம். வட்டின் ஓரத்தில் மெல்லிய ஊசிக்கத்தியைப் படுக்கைவாக்கில் செருகி நெம்பினால் இலைகள் அடுக்கடுக்காகப் பிரியும். குத்தி உடைத்தால் தூளாகிவிடும், தூளானால் முதல் ஊற்றிலேயே எல்லாம் இறங்கிவிடும். நூறு மில்லி கொள்ளும் மூடிக்கிண்ணத்துக்கோ ஈஷிங் மண் குடுவைக்கோ ஆறு ஏழு கிராம். தண்ணீர் நன்றாகத் தளதளவென்று கொதிக்க வேண்டும். பழைய தேயிலைக்கு இரக்கம் காட்டத் தேவையில்லை. முதல் ஊற்றைக் கீழே கொட்டிவிடுவார்கள், தூசி போகவும் அழுத்தி வைத்த இலை இளகவும். அந்தக் காலிக் கிண்ணத்தின் மூடியை முகர்ந்து பாருங்கள். சரக்கு எங்கே கிடந்தது என்ற தகவல் பெரும்பாலும் அந்த ஆவியிலேயே கிடைத்துவிடும்: பழைய புத்தகம், ஈரமண், காய்ந்த பேரீச்சை, சூடம். புளித்த வாடையோ சுவர்ப்பூசண நெடியோ வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

அடுத்தடுத்த ஊற்று பத்து வினாடிக்குள். முதல் இரண்டு கோப்பையில் கிட்டங்கியின் ருசிதான் தூக்கலாக இருக்கும். மூன்றாவதிலிருந்து அது விலகி, தேயிலை வருகிறது. கவனிக்க வேண்டியது விழுங்கிய பிறகு. நாக்கின் அடியில் எச்சில் ஊறும். தொண்டைக்குள் ஒரு குளிர்ச்சியும் அதன் பின்னால் மெல்லிய இனிப்பும் ஏறும். நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்த நமக்கு இந்த வகை இனிப்பை விளக்க வேண்டியதில்லை. பழைய பூஅரில் அது இன்னும் கீழே, தொண்டைக்குள் நடக்கிறது. கூடவே நெற்றியிலும் முதுகிலும் லேசாக வியர்க்கும், உடம்பு தளரும். சீன ரசிகர்கள் இதைத் தேயிலையின் சக்தி என்று பெரிதாகப் பேசுவார்கள். சூடான பானமும் கஃபைனும் நிதானமாக உட்கார்ந்திருப்பதும் சேர்ந்தால் அப்படித்தான் இருக்கும் என்பது என் எண்ணம். ஆனால் இருக்கிறது என்பதை மறுக்க மாட்டேன்.

பத்துப் பதினைந்து ஊற்று தாங்கும். கடைசிக் கோப்பைகளில் நிறம் வெளிறி, மரத்தின் இனிப்பு மட்டும் நிற்கும். அப்போது இலையைத் தூக்கி எறியாமல் ஒரு பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைத்தால் இன்னொரு குடுவை கிடைக்கும். பேச்சுத்துணை இருந்தால் ஒரு மத்தியானம் முழுவதும் போய்விடும்.

லியூபாவ் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் பழக்கம் நமக்குப் பக்கத்து ஊரில் நடந்தது. குவாங்ஷியின் வூஜோ பகுதியில் செய்து, பெரிய மூங்கில் கூடைகளில் அழுத்தி அடைக்கிற தேயிலை இது. மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களுக்காக ஆற்று வழியாக ஹாங்காங் வந்து, அங்கிருந்து கப்பலேறியது. ஈப்போ பக்கத்துச் சுரங்க முதலாளிகள் அண்டா அண்டாவாகக் காய்ச்சி வைப்பார்களாம். உடம்புச் சூட்டுக்கும் வயிற்றுக்கும் நல்லது என்று நம்பிக்கை. சுரங்கத் தொழில் படுத்த பிறகு கூடைகள் மலேசியக் கிட்டங்கிகளில் தங்கிவிட்டன. பிறகு சீனாவில் பணம் பெருகியபோது அவை திரும்ப விலை பேசி வாங்கப்பட்டன. நன்றாகப் பழகிய லியூபாவின் உயர்ந்த அடையாளமாகச் சீனர்கள் சொல்வது பாக்கு வாசம். வெற்றிலைத் தட்டைப் பார்த்து வளர்ந்தவர்கள் முதல் மடக்கிலேயே பிடித்துவிடுவார்கள்: களிப்பாக்கின் அந்த மரத்தனமான, லேசான இனிப்பு.

பணம் இந்தக் கதைக்குள் வந்த விதம் அவ்வளவு சுவையானதல்ல. யுன்னானின் மெங்ஹாய் தேயிலை ஆலையின் புகழ்பெற்ற கலவைக்கு 7542 என்று எண். 75 கலவை உருவான வருடம், 4 இலையின் தரம், 2 ஆலையின் குறியீடு. 1990ஐ ஒட்டி வந்த இந்த வட்டுகளை ஒரு ஹாங்காங் வணிகர் மொத்தமாக வாங்கி உலர்வாக வைத்துப் பழக்கினார். சீனர்களுக்கு எட்டு ராசி எண் என்பதால் '88 பச்சை வட்டு' என்று பெயர் நிலைத்தது. இன்று அது ஏலப்பொருள். இப்படிச் சில கதைகள் போதும், எல்லாரும் முதலீடு செய்ய வந்துவிட்டார்கள். குவாங்ஜோவின் ஃபாங்சுன் மொத்தச் சந்தையில் விலை ஏறிக்கொண்டே போய், 2007இல் பொத்தென்று விழுந்தது. டீ குடிக்காதவர்கள் எல்லாம் வீடு நிறைய வட்டுகளோடு மாட்டிக்கொண்டார்கள். அதே வருடம்தான் யுன்னானின் சிமாவ் நகரம் தன் பெயரை பூஅர் என்று மாற்றிக்கொண்டது.

போலிக்கும் பஞ்சமில்லை. புது வட்டை ஈரத்தில் ஊறப்போட்டுக் கறுப்பாக்கி, பழைய உறைத்தாளை அச்சடித்துச் சுற்றிவிடுவார்கள். அழுத்தும்போதே இலையோடு பதித்துவிடுகிற உட்சீட்டு ஒன்று உண்டு. அதன் ஓரத்து இலைகள் சீட்டோடு ஒட்டிப் பிணைந்திருக்கின்றனவா என்று சேகரிப்பாளர்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். அதையும் ஏமாற்ற ஆள் இருக்கிறார்கள். எடை குறையும், கொழுப்பு கரையும் என்று விற்கிற பேச்சை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

வயதுக்கும் ஓர் எல்லை உண்டு. பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் சிங் காலத்துக் காணிக்கை பூஅர், பூசணிக்காய் வடிவ உருண்டையாக, இன்னும் இருக்கிறது. அந்தக் கையிருப்பில் ஒரு பகுதியைக் காய்ச்சிப் பார்த்தவர்கள், நிறம் இருந்தது, ருசி மங்கிவிட்டது என்று சொன்னதாகக் கேள்வி. கழிவது கசப்போடு நின்றுவிடுவதில்லை. என் கணிப்பில் பெரும்பாலான வட்டுகளுக்கு இருபதிலிருந்து நாற்பது வருடத்துக்குள் எங்கோ ஒரு நல்ல காலம் இருக்கிறது, அதற்கு மேல் வைப்பது பீரோவுக்கு அழகு.

குடித்துப் பார்க்க நினைப்பவர்கள் முழு வட்டு வாங்க வேண்டாம். இருபத்தைந்து கிராம் மாதிரி விற்கிற கடைகள் இருக்கின்றன. எந்த வருடம் என்று கேட்பதற்கு முன்னால் எந்த ஊரில் கிடந்தது என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லத் தெரியாத கடையில் பழசு வாங்காதீர்கள். பத்து வருடத்து ஷோவில் ஆரம்பித்தால் கையைக் கடிக்காது. இளம் ஷெங் வாங்கி வீட்டிலேயே பழக்கலாமா என்றால், சென்னை, கொழும்பு, பினாங்கு போன்ற ஊர்களில் சூட்டுக்கும் ஈரத்துக்கும் குறைவே இல்லை. மழைக்காலத்தில் மட்டும் சுவரை ஒட்டி வைக்காமல், அவ்வப்போது எடுத்துப் பார்த்துக்கொண்டால் போதும். நம் வீடுகளில் பெரிய சிக்கல் வாசம்தான். தேயிலை பக்கத்தில் இருக்கிற எதையும் இழுத்துக்கொள்ளும். சமையலறை ஆகாது, நாப்தலின் உருண்டை போட்ட துணி பீரோ ஆகவே ஆகாது, பூஜை அலமாரியில் வைத்தால் இருபது வருடம் கழித்து ஊதுபத்திதான் குடிக்க வேண்டியிருக்கும்.